கவசக் காரா, துப்பாக்கிக் காவலரா, டிரைவரா: ஆபத்தான நகரத்துக்கு அதிகாரியை அனுப்பும் முன்

கேள்வி இதுதான்: நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி, ஆள்கடத்தலும் வழிப்பறியும் மலிந்த ஒரு வெளிநாட்டு நகரத்துக்கு நான்கு நாள் போகிறார். ஏற்பாடுகளைப் பார்ப்பவருக்கு இது புதிது. குண்டு துளைக்காத கார் எடுப்பதா, ஆயுதக் காவலர்கள் எத்தனை பேர், பாதுகாப்பு நிறுவனத்தை எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டிருக்கிறார்.

இருக்கிற பணத்தில் முதல் பங்கை, இரண்டு நாள் முன்பே அங்கே போய் ஒவ்வொரு வழியையும் ஒவ்வொரு வாசலையும் பார்த்துவிட்டு வரும் ஆளுக்குக் கொடுங்கள். இரண்டாவது பங்கு, அந்த ஊர்த் தெருக்களை அறிந்த, பயிற்சி பெற்ற டிரைவருக்கு. கார் அதற்குப் பிறகு. துப்பாக்கி கடைசி, பல ஊர்களில் அது தேவையே இல்லை. பெரும்பாலான நிறுவனங்கள் இந்த வரிசையைத் தலைகீழாகப் போடுகின்றன. காரும் துப்பாக்கியும் கண்ணுக்குத் தெரிகின்றன, செலவுக் கணக்கில் காட்டுவது சுலபம். முன்னால் போய் வந்தவர் ஒரு வாசலை மாற்றச் சொன்னதால் நடக்காமல் போன சம்பவத்துக்கு யாரும் ரசீது தருவதில்லை.

யாரிடமிருந்து பாதுகாப்பு என்பதைத் தீர்மானிக்காமல் காரைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை. குற்றம் மலிந்த நகரத்தில் உங்கள் அதிகாரிக்கு வரக்கூடிய ஆபத்தில் பெரும்பகுதி, அவர் யாரென்றே தெரியாதவர்களிடமிருந்து வருகிறது. அவர்களுக்கு வேண்டியது கைக்கடிகாரம், கைபேசி, வங்கி அட்டை, சில சமயம் கார். சுலபமான ஆளைத் தேடுகிறார்கள். இவர் சிரமம் என்று தெரிந்தால் அடுத்தவரிடம் போய்விடுவார்கள். லத்தீன் அமெரிக்காவில் ‘எக்ஸ்பிரஸ் கடத்தல்’ என்று ஒன்று உண்டு. ஆளைக் காரில் வைத்துச் சில மணி நேரம் சுற்றி, ஏ.டி.எம். ஏ.டி.எம்.ஆகப் பணம் எடுக்க வைத்து இறக்கிவிடுவது. பிரேசிலில் 2020 நவம்பரில் ‘பிக்ஸ்’ என்ற உடனடிப் பணப் பரிமாற்றம் வந்தபின் ஏ.டி.எம். தேடும் அலைச்சலும் இல்லாமல் போனது. கைபேசியைத் திறக்க வைத்தால் போதும். அதனால்தான் 2021இல் அந்நாட்டு மத்திய வங்கி, இரவு 8 மணி முதல் காலை 6 மணி வரை தனிநபர்கள் 1,000 ரியாலுக்கு (பிரேசில் நாணயம்) மேல் அனுப்ப முடியாதபடி வரம்பு வைத்தது. இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று: அதிகாரியின் வழக்கமான கைபேசி பயணம் போகக் கூடாது. குறைந்த தொகை உள்ள ஒரே ஒரு கணக்கோடு வேறு கைபேசி போகட்டும். கவசக் கண்ணாடியோடு ஒப்பிட்டால் இதற்கு ஆகும் செலவு ஒன்றுமே இல்லை.

இரண்டாவது வகை, ஆளைத் தெரிந்து, வாரக்கணக்கில் வேவு பார்த்து வருவது. அரிது, ஆனால் நடந்தால் முடிவு மோசம். இந்த வகையில் பழைய சம்பவங்களை வரிசையாகப் படித்தால் ஒன்று திரும்பத் திரும்ப வருகிறது. பீர் நிறுவன அதிபர் ஃபிரெடி ஹைனெக்கன் 1983 நவம்பர் 9 அன்று மாலை, ஆம்ஸ்டர்டாமில் தன் அலுவலகத்தை விட்டு வெளியே வந்தபோது டிரைவரோடு சேர்த்துக் கடத்தப்பட்டார். மூன்று வாரம் அடைத்துவைக்கப்பட்டார், 3.5 கோடி கில்டர் (அன்றைய டச்சு நாணயம்) கைமாறியது. எக்ஸான் நிறுவனத்தின் உயர் அதிகாரி சிட்னி ரெஸோ 1992 ஏப்ரல் 29 அன்று காலை நியூ ஜெர்சியில் தன் வீட்டு வாசல் பாதை முடியும் இடத்தில், செய்தித்தாளை எடுக்கக் காரிலிருந்து இறங்கினார். அங்கேயே சுட்டுக் கடத்தப்பட்டார். சில நாளில் இறந்தும் போனார். கடத்தியவர் அதே நிறுவனத்தின் பாதுகாப்புப் பிரிவில் முன்பு வேலை பார்த்தவர். யுனைடெட் ஹெல்த்கேர் தலைவர் பிரையன் தாம்சன் 2024 டிசம்பர் 4 அன்று நியூயார்க்கில், முதலீட்டாளர் கூட்டம் நடக்கவிருந்த ஹோட்டலுக்குத் தனியாக நடந்து வந்தபோது வாசலருகே சுடப்பட்டார். கூட்டம் எங்கே, என்றைக்கு என்பது ரகசியமாக இருக்கவில்லை.

மூன்றிலும் இடம் வாசல். நகரம் முழுக்கப் பத்துப் பதினைந்து வழிகள் இருந்தாலும், வீட்டிலிருந்து கிளம்பும் முதல் நூறு மீட்டருக்கும் அலுவலகத்தை அடையும் கடைசி நூறு மீட்டருக்கும் பெரும்பாலும் ஒரே வழிதான். ‘தினமும் வழியை மாற்றுங்கள்’ என்ற அறிவுரையை எல்லோரும் சொல்வார்கள். நடுவழியை மாற்றிவிட்டு, இரண்டு முனைகளையும் அப்படியே விட்டுவிடுவார்கள். முன்கூட்டிப் போகும் ஆள் முதலில் பார்க்க வேண்டியது இந்த முனைகளைத்தான். ஹோட்டலுக்கு இரண்டாவது வாசல் உண்டா? நிலத்தடி நிறுத்துமிடத்திலிருந்து நேராக லிஃப்டில் ஏற முடியுமா? காரின் பின்கதவுக்கும் கட்டடத்தின் கதவுக்கும் இடையில் எத்தனை அடி? அந்தத் தூரத்தை நடக்கும்போது எங்கே நின்று பார்த்தால் தெரியும்? எதிரே யாராவது சும்மா உட்கார்ந்திருக்க நியாயமான காரணம் உள்ள இடம் எது, பேருந்து நிறுத்தமா, பெட்டிக்கடையா? வேவு பார்ப்பவனுக்கும் உட்கார ஒரு இடம் வேண்டும். அதை அவனுக்கு முன்னால் நீங்கள் கண்டுபிடித்துவிட்டால், இரண்டு நாளில் ஒரே முகத்தை அங்கே இரண்டு முறை பார்த்ததும் விழித்துக்கொள்ளலாம்.

இனி கார். குண்டு துளைக்காத கார் என்று ஒன்று கிடையாது. இன்ன குண்டு வரைக்கும் தாங்கும் கார் என்றுதான் உண்டு. ஐரோப்பிய அளவீட்டில் பி4 என்றால் .44 மேக்னம் வரையிலான கைத்துப்பாக்கி. பி6 என்றால் ஏ.கே. 47 போன்ற சாதாரண ரைபிள் குண்டுகள். பி7 என்றால் கவசம் துளைக்கும் ரைபிள் குண்டு. அமெரிக்க அளவீட்டின் மூன்று-ஏ, பி4க்குக் கிட்டத்தட்டச் சமம். பிரேசிலில் தனியார் கவசக் கார்ச் சந்தை மிகப் பெரியது, அதை ஒழுங்குபடுத்துவது ராணுவம். சாதாரணக் குடும்பங்கள் வாங்குவதில் பெரும்பகுதி இந்த மூன்று-ஏதான். சிக்னலில் நிற்கும்போது மோட்டார் சைக்கிளில் வந்து கைத்துப்பாக்கியால் கண்ணாடியைத் தட்டுபவனுக்கு அது போதும். உங்கள் நகரத்தில் குற்றவாளிகள் ரைபிளோடு திரிகிறார்களா, கைத்துப்பாக்கியோடா என்று கேளுங்கள். கார் அந்தப் பதிலிலிருந்து வர வேண்டும். வாடகை நிறுவனத்தின் கிடங்கில் எது சும்மா நிற்கிறது என்பதிலிருந்து வரக் கூடாது.

எடையும் ஒரு விலைதான். பி6 கவசம் ஒரு வண்டிக்கு ஒரு டன்னுக்கு மேல் சேர்க்கும். கண்ணாடியே சுமார் நான்கு சென்டிமீட்டர் தடிமன். பிரேக் போட்டால் நிற்கத் தூரம் அதிகம் வேண்டும், வளைவில் உயரமான எஸ்.யூ.வி. கவிழ்வதற்கு வாய்ப்பு அதிகம். பிரேக்கும் சஸ்பென்ஷனும் அந்த எடைக்கு மாற்றப்பட்டனவா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கண்ணாடியின் ஓரங்களைப் பாருங்கள்: பால்போல வெளுத்தோ, குமிழி விட்டோ இருந்தால் அடுக்குகள் பிரியத் தொடங்கிவிட்டன, அது பழைய கண்ணாடி. கதவுக்கும் தூணுக்கும் இடையிலான இடுக்கில் எஃகு ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கிறதா, கூரைக்கும் பேட்டரிக்கும் கவசம் உண்டா என்பதையும் பார்க்க வேண்டும். கதவில் மட்டும் தகடு வைத்து விற்பவர்கள் இருக்கிறார்கள். காற்றிழந்தாலும் ஓடும் ரன்ஃபிளாட் டயர்களில் பல, மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் சுமார் 80 கி.மீ. வரை ஓடும் என்ற கணக்கில் செய்யப்பட்டவை. ஒரு டன் கூடுதல் எடையோடு அதே கணக்கு வருமா என்பது நியாயமான அடுத்த கேள்வி.

இவ்வளவும் சரியாக இருந்தாலும் கவசம் என்ன தருகிறது? சில வினாடிகள். ஆல்ஃபிரட் ஹெர்ஹாவ்ஸன், டாய்ச்ச வங்கியின் தலைவர், 1989 நவம்பர் 30 அன்று பாட் ஹோம்புர்க்கில் வீட்டிலிருந்து புறப்பட்டுச் சில நிமிடங்களில் கொல்லப்பட்டார். கவச மெர்சிடிஸ், முன்னும் பின்னும் காவல் கார்கள். சாலையோரம் ஒரு சைக்கிளில் குண்டு. முதல் கார் போன பிறகு அகச்சிவப்புக் கதிர் ஒன்று உயிர்ப்பிக்கப்பட்டது. இரண்டாவது கார் அதை அறுத்ததும் வெடித்தது. அவர் பின்னிருக்கையில் எந்தப் பக்கம் உட்காருவார் என்பது வரை கணக்கிட்டிருந்தார்கள். சாலை வேலை செய்பவர்கள்போல நடித்து முன்பே கம்பி பதித்தார்கள் என்பதுதான் என்னை எப்போதும் உறுத்தும் பகுதி. வீட்டுக்குப் பக்கத்துச் சாலையில் யாரோ தோண்டுகிறார்கள் என்றால் நகராட்சிக்கு ஒரு போன் செய்து கேட்பது ஐந்து நிமிட வேலை.

கவசம் காப்பாற்றிய கதையும் உண்டு. 2020 ஜூன் 26 அன்று மெக்ஸிகோ நகரக் காவல்துறைத் தலைவர் ஓமார் கார்சியா ஹர்ஃபுச்சின் காரை .50 ரைபிள்கள் உட்பட கனரக ஆயுதங்களோடு மறித்துச் சுட்டார்கள். மூன்று குண்டுக் காயங்களோடு பிழைத்தார். கூட வந்த இரண்டு காவலர்களும், அந்த வழியாக வேலைக்குப் போன ஒரு பெண்ணும் இறந்தார்கள். பாதுகாப்பு வண்டியைச் சுற்றியுள்ளவர்களும் விலை கொடுக்கிறார்கள் என்பதை ஏற்பாடு செய்பவர்கள் மறந்துவிடுகிறோம்.

டிரைவரைப் பற்றி நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? 1962 ஆகஸ்ட் 22 அன்று பாரிஸ் புறநகரான பெட்டி கிளமாரில் பிரெஞ்சு அதிபர் டிகோல் சென்ற கார்மீது சரமாரியாகச் சுட்டார்கள். கவசம் இல்லாத சித்ரோயன் டி.எஸ். டயர்கள் வெடித்தன. டிரைவர் நிறுத்தவில்லை, வேகத்தைக் கூட்டி வெளியே கொண்டுபோய்விட்டார். உள்ளே இருந்தவர்களுக்குக் காயம்கூட இல்லை. 1977 செப்டம்பர் 5 அன்று கொலோனில் ஜெர்மானிய முதலாளிகள் சங்கத் தலைவர் ஹான்ஸ் மார்ட்டின் ஷ்லையரின் காருக்கு முன்னால் ஒரு காரும் ஒரு குழந்தை வண்டியும் வந்தன. டிரைவர் பிரேக் போட்டார். பின்னால் ஒட்டி வந்த காவல் கார் இந்தக் கார்மேல் இடித்து நின்றது. டிரைவரும் மூன்று போலீஸ்காரர்களும் அங்கேயே கொல்லப்பட்டார்கள், ஷ்லையர் கடத்தப்பட்டு ஆறு வாரம் கழித்துக் கொல்லப்பட்டார். குழந்தை வண்டியைப் பார்த்துப் பிரேக் போட்ட மனிதரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் இரண்டு கார்களுக்கும் நடுவில் இடைவெளி இருந்திருந்தால் பின்னோக்கிப் போக வழி இருந்திருக்கும்.

பயிற்சி பெற்ற டிரைவர் என்றால் சினிமாவில் வருவதுபோலக் காரைச் சுழற்றுபவர் இல்லை. சிக்னலில் நிற்கும்போது முன்னால் நிற்கும் காரின் பின் டயர்கள் சாலையைத் தொடுவது தெரியும் அளவுக்குத் தள்ளி நிற்பவர். அவ்வளவு இடம் இருந்தால்தான் ஒரே திருப்பில் வெளியே வர முடியும். இறங்கிப் போய் டீ குடிக்காதவர். நீங்கள் வெளியே வரும்போது ஏற்கெனவே இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும் காரில், கதவு பூட்டி உட்கார்ந்திருப்பவர். மற்றபடி மெதுவாக, சலிப்பூட்டும்படி ஓட்டுபவர். ஏனென்றால் பயணத்தில் உங்கள் அதிகாரியைக் கொல்ல அதிக வாய்ப்புள்ள விஷயம் சாதாரணச் சாலை விபத்துதான். உலகச் சுகாதார நிறுவனக் கணக்கில் 2021இல் சாலைகளில் இறந்தவர்கள் 11.9 லட்சம் பேர். கவச வண்டியில் சீட் பெல்ட் போடாமல் பின்னால் உட்கார்ந்து கைபேசியைப் பார்க்கும் அதிகாரியை எந்த பி6 கண்ணாடியும் காப்பாற்றாது. எத்தனை மணி நேரம் தூங்கினார், நேற்று எத்தனை மணிக்கு வேலையை முடித்தார் என்று டிரைவரைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. இரவு விருந்துக்குத் தனி டிரைவர் போடுங்கள்.

விமான நிலையம் தனியாகச் சொல்ல வேண்டிய இடம். வெளியே வருபவரின் பெட்டியையும் கடிகாரத்தையும், காசு மாற்றினாரா என்பதையும் உள்ளேயே ஒருவன் பார்த்து, வெளியே காத்திருப்பவனுக்குச் சொல்வது பல நகரங்களில் நடக்கிறது. ஜோஹானஸ்பர்க்கில் ஓ.ஆர். டாம்போ விமான நிலையத்திலிருந்து பின்தொடர்ந்து போய், வீட்டு வாசலிலோ ஹோட்டல் வாசலிலோ கொள்ளையடிப்பது நீண்டகாலப் பிரச்சினை. போலீஸ் போல நீல விளக்கோடு வந்து காரை ஓரங்கட்டச் சொல்லும் கும்பல்களும் அங்கே உண்டு. அதற்கென்றே அந்நாட்டில் ஒரு நடைமுறை சொல்லப்படுகிறது: வேகத்தைக் குறைத்து, அபாய விளக்குகளைப் போட்டு, கையால் சைகை காட்டி, அருகிலுள்ள காவல் நிலையத்துக்கு ஓட்டிச் செல்வது. உங்கள் டிரைவருக்கு இது தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள். பதிலிலிருந்தே ஆள் யாரென்று தெரிந்துவிடும். நிறுவனத்தின் பெயரையோ அதிகாரியின் பெயரையோ எழுதிய பலகையைத் தூக்கிக்கொண்டு யாரும் நிற்கக் கூடாது. பலகையில் இருக்கும் பெயரைப் பார்த்து எழுதி, தானும் ஒரு பலகை பிடிக்க யாருக்கும் ஒரு நிமிடம் போதும். டிரைவரின் படம், வண்டி எண், ஒரு சங்கேதச் சொல், இவை விமானம் ஏறும் முன்பே அதிகாரியிடம் இருக்கட்டும்.

துப்பாக்கி விஷயத்துக்கு வருகிறேன். வெளிநாட்டிலிருந்து கூட்டி வரும் மெய்க்காப்பாளர் பெரும்பாலான நாடுகளில் ஆயுதம் வைத்திருக்க முடியாது. ஆயுதம் வேண்டும் என்றால் உள்ளூர் உரிமம் பெற்ற நிறுவனமோ, சில நாடுகளில் அனுமதியோடு வரும் போலீஸ்காரர்களோதான். அவர்களுக்கு எவ்வளவு பயிற்சி, யாருடைய உத்தரவுக்குக் கட்டுப்படுவார்கள், சுட்டுவிட்டால் சட்டப் பொறுப்பு யாருக்கு என்று எழுத்தில் இல்லாமல் ஏற்காதீர்கள். 1978 மார்ச் 16 அன்று ரோமில் இத்தாலியின் முன்னாள் பிரதமர் ஆல்டோ மோரோ கடத்தப்பட்டபோது அவரோடு ஐந்து காவலர்கள் இருந்தார்கள். முன்னால் போன, தாக்க வந்தவர்களின் கார் திடீரென்று நின்றது. கவசமில்லாத இரண்டு கார்களில் இருந்த ஐந்து பேரும் அந்தச் சில நிமிடத் தாக்குதலில் கொல்லப்பட்டார்கள். முதல் சூடு யாருடையது என்பதைத் தாக்குபவன்தான் தீர்மானிக்கிறான்.

இன்னொரு சங்கடம்: இரண்டு எஸ்.யூ.வி., நாலு துப்பாக்கி என்று போனால், உள்ளே பணமுள்ள ஆள் இருக்கிறார் என்று ஊருக்கே அறிவித்ததாகும். ஹெயிட்டியின் தலைநகரம் போல, ஆயுதக் கும்பல்கள் சாலையையே கையில் வைத்திருக்கும் இடங்களில் பலத்தைக் காட்டித்தான் ஆக வேண்டும். மற்ற பெரும்பாலான நகரங்களில் உள்ளூர் எண் பலகை உள்ள, கழுவாத, நடுத்தர விலைக் கார்தான் நல்லது. இரண்டுக்கும் நடுவில் நிற்பதுதான் மோசம்: பார்த்தாலே தெரியும், ஆனால் தடுக்கப் பலம் இல்லை.

துப்பாக்கிக்கு ஒதுக்கிய பணத்தில் கொஞ்சத்தை மருத்துவத்துக்கு மாற்றுங்கள். ஹெர்ஹாவ்ஸன் இறந்தது தொடையின் தமனி அறுந்து ரத்தம் போனதால். அப்படிப்பட்ட காயத்தில் நிமிடங்கள்தான் கணக்கு. கூட இருப்பவருக்கு டூர்னிக்கே (ரத்தம் போவதை நிறுத்த இறுக்கிக் கட்டும் பட்டை) கட்டத் தெரிய வேண்டும், அது டிக்கியில் இல்லாமல் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். 24 மணி நேரமும் அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவமனை எது என்பதை முன்கூட்டிப் போனவர் நேரில் பார்த்திருக்க வேண்டும். இந்தப் பணம் குண்டடிக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். ஐம்பத்தைந்து வயது அதிகாரிக்கு நள்ளிரவில் நெஞ்சு வலி வருவது எந்தக் கடத்தலைவிடவும் சாத்தியம்.

பாதுகாப்பு நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது உரிமம் முதலில். பிரிட்டனில் 2001ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் மெய்க்காவல் வேலை செய்ய உரிமம் கட்டாயம். தென்னாப்பிரிக்காவிலும் அதே ஆண்டுச் சட்டத்தின் கீழ் பதிவு வேண்டும். பயண ஆபத்து மேலாண்மைக்கு, சர்வதேசத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ்.ஓ. 31030 என்ற வழிகாட்டி 2021இல் வந்தது. அதைப் படித்துவிட்டுப் பேச உட்கார்ந்தால் உங்களை ஏமாற்றுவது கடினம். இவை எல்லாம் வாசல்படி. உண்மையான கேள்வி, ‘எங்கள் திட்டத்தில் எதை மாற்றச் சொல்வீர்கள்?’ என்பது. எல்லாவற்றுக்கும் சரி என்று தலையாட்டும் நிறுவனம் வேண்டாம். ‘புதன்கிழமை இரவு விருந்தை ஹோட்டலுக்குள்ளேயே வையுங்கள்’ என்று சொல்பவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். பழைய தகவலில் ஓடுகிறார்களா என்பதையும் சோதியுங்கள். நைஜீரியாவில் அபுஜா–கடுனா நெடுஞ்சாலையில் கடத்தல் பெருகியதால் வசதி உள்ளவர்கள் ரயிலுக்கு மாறினார்கள். 2022 மார்ச் 28 அன்று அந்த ரயிலையே குண்டு வைத்து நிறுத்திப் பலரைக் கொன்றார்கள், அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கடத்தினார்கள். போன வருடம் பாதுகாப்பாக இருந்த வழி என்ற பதில் போதாது.

பயணத் திட்டம் எத்தனை பேரிடம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். செயலர், பயண முகவர், ஹோட்டல், கார் நிறுவனம், சந்திக்கப் போகும் மூன்று அலுவலகங்கள், வரவேற்பாளர்கள்; பத்தைத் தாண்டிவிடும். ரெஸோவைக் கடத்தியது உள்ளே இருந்து வெளியே போனவர் என்பது நினைவிருக்கட்டும். ஒவ்வொருவருக்கும் அவர்களுக்குத் தேவையான துண்டு மட்டும். உடற்பயிற்சிச் செயலிகளையும் மறக்காதீர்கள்: 2024இல் பிரெஞ்சு நாளிதழான லு மோந்த், நாட்டுத் தலைவர்களின் மெய்க்காப்பாளர்கள் ஸ்ட்ராவாவில் பதிந்த காலை ஓட்டங்களை வைத்தே தலைவர்கள் எந்த ஹோட்டலில் தங்குவார்கள் என்று காட்டிவிட்டது. காவல்காரர்களே அப்படி என்றால் உங்கள் அதிகாரியின் கைக்கடிகாரத்தை நீங்களே சரிபார்ப்பது நல்லது.

கடத்தல் காப்பீடு உண்டா என்று நிதிப் பிரிவைக் கேளுங்கள். இருந்தால் அந்தத் தகவல் ஓரிருவரோடு நிற்க வேண்டும். வெளியே தெரிந்தால் பாலிசியே செல்லாமல் போகலாம் என்று பெரும்பாலான ஒப்பந்தங்களில் இருக்கும். தொகையைவிட, பேச்சுவார்த்தை தெரிந்த ஆள் ஒருவரை உடனே அனுப்புவார்கள் என்பதுதான் அதன் பயன். உயிரோடு இருக்கிறார் என்று உறுதி செய்ய, அவருக்கு மட்டுமே பதில் தெரிந்த கேள்வி ஒன்றை முன்பே எழுதி, உறையில் ஒட்டி வைத்துவிடுங்கள். சமூக ஊடகத்தில் தேடினால் கிடைக்கும் நாய்க்குட்டியின் பெயர் அதற்கு ஆகாது.

அதிகாரி ஒத்துழைக்காவிட்டால் மேலே சொன்னது எதுவும் வேலை செய்யாது. கவசக் காருக்குள் இருந்துகொண்டு யாரோ கண்ணாடியைத் தட்டியதும் கதவைத் திறந்து ‘என்ன?’ என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அரை மணி நேரம் உட்கார வைத்து மூன்றே விஷயம் சொல்லுங்கள்: டிரைவர் சொல்லும்வரை கதவைத் திறக்க வேண்டாம், குனியச் சொன்னால் ஏன் என்று கேட்காமல் குனிய வேண்டும், தனியாக இருக்கும்போது துப்பாக்கி காட்டினால் கடிகாரத்தையும் கைபேசியையும் கொடுத்துவிட வேண்டும், வாதம் கூடாது. இதைச் சொல்ல உங்கள் பதவி போதாது என்றால், அவருக்குச் சமமான இன்னொருவரை வைத்துச் சொல்லுங்கள்.

கடைசி நாளில் எல்லோரும் தளர்ந்துவிடுவார்கள். விமான நிலையத்தில் இறக்கிவிட்டதும் வேலை முடிந்தது என்று வண்டி கிளம்பிவிடும். விமானம் ரத்தாகும், அதிகாரி பெட்டியோடு வெளியே வந்து கிடைத்த டாக்ஸியில் ஏறுவார். அதனால் ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்: விமானம் மேலெழும்பிய செய்தி வரும்வரை காரும் டிரைவரும் அங்கேயே இருக்க வேண்டும்.